உள்பக்கத் தேய்மானம்

அந்த நாற்காலியில் இடது பக்கமாகச் சாய்ந்துவிடாதீர்கள் சார், அதற்கு ஒரு கால் குட்டை. என்றைக்காவது யாராவது விழுந்து வைக்கப் போகிறார்கள் என்று முதலாளியிடம் நான் சொல்லாத நாளில்லை. இதுவரை யாரும் விழவில்லை. அதற்காக நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது.

டீ சொல்லியிருக்கிறேன், வரட்டும். நீங்கள் கேட்க வந்தது சின்ன விஷயம். என் தங்கச்சி வீட்டுக்காரர் கார் நெடுஞ்சாலையில் டயர் வெடித்துப் பள்ளத்தில் இறங்கியது. அந்த வண்டியைக் கடைசியாகக் கை வைத்துப் பார்த்தவன் நான். இங்கிருந்து போகும்போது வண்டி நன்றாகத்தான் இருந்தது, சாலையில் கிடந்த குழிதான் காரணம் என்று நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வேலை முடிந்தது, மாப்பிள்ளைக்கும் வண்டி கிடைத்துவிடும். எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் நான் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் சார். சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லாத குழி. அதில் விழுந்து ஒரு டயர் வெடிக்கும் என்றால் ஊரில் ஒரு வண்டி ஓடாது. பாவம், அதன் தலையில் இவ்வளவு பெரிய பழி.

எழுந்திருக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த டயர் கடையில் அலைன்மென்ட் மிஷின் என் பொறுப்பு. ஒரு வண்டியின் சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, எவ்வளவு சாய்ந்து நிற்கின்றன என்று அளந்து நேராக்குவது என் வேலை. மனிதர் நடை மாதிரிதான். உங்கள் ஷூவில் வலது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது, நீங்கள் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் முட்டி வலிக்கும். சொல்லிவிட்டேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

எனக்கு அது ஒரு பழக்கம். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், அது நடக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் சாயும் என்றேன், சாய்ந்தது. முதலாளி மகன் கல்லூரியைப் பாதியில் விடுவான் என்றேன், விட்டான். என் மனைவி மட்டும், "நடக்காததையெல்லாம் நீங்க ஞாபகம் வச்சுக்கறதில்ல" என்பாள். அவளுக்கு என்மேல் பிரியம் உண்டு, நம்பிக்கைதான் கொஞ்சம் குறைவு.

என் தங்கச்சிக்கு நம்பிக்கை அதிகம். அவள் ஒரு பேக்கரியில் கேக் மேல் பூவும் பெயரும் போடுகிறவள். கிரீம் நிரப்பிய கூம்பைக் கையில் பிடித்தாள் என்றால் மூச்சுகூட விடமாட்டாள், அவ்வளவு நிதானமான கை. சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தத் திருப்பத்தில் விழுவாய் என்றேன், விழுந்தாள். பின்னாலிருந்து பிடித்திருந்த கையை நான் விட்டதாலா, அவள் திரும்பியதாலா என்று வீட்டில் ஒரு வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கலகலப்பான ஆள். என்னை மச்சான் என்று கூப்பிடும்போது அந்த வார்த்தையின் ஓரத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அம்மாவும் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். வாசலில் கார் நின்றது. நின்றது என்று சொல்வதைவிடப் படுத்திருந்தது என்று சொல்லலாம். சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே விரல் போகாது. ஊர்க் கோடியில் ஸ்பிரிங் வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார், எல்லாரும் ஸ்பிரிங்காரர் என்பார்கள். அவரிடம் போய்க் குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்திக்கொண்டு வந்துவிட்டார் மாப்பிள்ளை. சொந்த மச்சான் இதே தொழிலில் இருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. சரி, அவர் வண்டி, அவர் இஷ்டம்.

"எப்படி இருக்கு மச்சான்?" என்றார்.

"ஏறி உக்கார்றதுக்கு முன்னாடி படுத்துக்கணும் போல இருக்கே."

"ஓட்டிப் பாருங்க, தண்ணில போற மாதிரி போகும்."

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"மழைக்காலம் முடியறதுக்குள்ள முன் டயர் ரெண்டும் உள்பக்கம் மொட்டையாகிடும் மாப்பிள்ளை. கம்பி தெரியும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா என் மீசைய எடுத்துடறேன்."

அப்போது எனக்கு மீசை இருந்தது சார். இந்த இடம் வெளுத்துக் கிடக்கிறதே, இங்கேதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்தது. பார்த்தவர்கள் பேசுவார்கள்.

நான் சொன்னதில் தொழில்ரீதியாக ஒரு பிழை கிடையாது. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், பாதம் ஒரு பக்கமாகத் திரும்பும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு அழிரப்பர் மாதிரி கரையும். எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'சரிசெய்யாமல் ஓட்டினால்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் அன்று நான் விட்டுவிட்டேன். வாயில் சோறு இருந்தது.

அதன் பிறகு ஊரே அந்த வண்டியை வேடிக்கை பார்த்தது. தெருப் பையன்கள் 'பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், தரையோடு விரித்த பாய் மாதிரி இருந்ததால். வேகத்தடை வந்தால் மாப்பிள்ளை வண்டியை நண்டு மாதிரி குறுக்கே திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். அப்படியும் அடி தட்டும் என்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும். ஒருநாள் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறிக்கொண்டாள். "மாப்பிள்ளை கூட்டிட்டுப் போனார்னு பேரு, பாதி தூரம் நான்தான் நடந்தேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தாள். மாப்பிள்ளை எதைச் செய்தாலும் இந்த வீட்டில் சந்தோஷம்தான்.

மழை ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து அவராகவே கடைக்கு வந்தார். "பாத்து சொல்லுங்க மச்சான், மீசைக்கு ஆபத்து இருக்கா இல்லையான்னு." வண்டியை ஏற்றி நிறுத்துகிற எங்கள் ரேம்பில் அது ஏறாது, முன்பக்கம் இடிக்கும். பலகைகளை அடுக்கித்தான் ஏற்றினோம். தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் பின்னால் கையை விட்டு உள்விளிம்பைத் தடவினேன். ஒரு பிசிறுகூட இல்லை, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மாதிரி. மிஷினில் போட்டேன். திரையில் எல்லா எண்ணும் பச்சை, அளவு சரி என்று அர்த்தம். ஸ்பிரிங்காரர் சாய்வைத் திருத்துவதற்குத் தனி போல்ட் போட்டிருந்தார். ஸ்பிரிங் அமுங்கி உட்காரட்டும் என்று சில வாரம் ஓட விட்டு, மறுபடி கூப்பிட்டு அளவையும் சரிசெய்து அனுப்பியிருந்தார். அவ்வளவு சுத்தமான வேலை. அதை நான் செய்திருந்தால் முதலாளியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டியிருப்பேன்.

"நல்லா இருக்கு" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அடுத்த வாரம் என் பிறந்தநாள். தங்கச்சி கேக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை பளபளக்கிற காகிதத்தில் சுற்றிய ஒரு பெட்டி கொடுத்தார். பிரித்தால் சவரக் கத்தி, பிரஷ், சோப்புக் கிண்ணம், முழு செட். கேக் மேல் பூவுக்குப் பதில் சாக்லேட்டில் ஒரு மீசை வரைந்திருந்தாள் தங்கச்சி. "கடைசியா ஒரு தடவ பாத்துக்க அண்ணா" என்றாள். வெட்டும்போது மாப்பிள்ளை, "நடுவுல வெட்டுங்க மச்சான், ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும்" என்றார். தங்கச்சி சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அம்மா அவள் தலையைத் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது.

எனக்குக் கோபம் வரவில்லை சார். வந்திருந்தால் அன்றைக்கே கத்தித் தீர்த்திருப்பேன், இவ்வளவு தூரம் வந்திருக்காது. எனக்கு வந்தது ஒரு தெளிவு. தாழ்த்திய வண்டி டயரைத் தின்னும் என்பது உண்மை. ஸ்பிரிங்காரர் குறுக்கே வந்து அந்த உண்மையை நடக்கவிடாமல் தடுத்துவிட்டார். அந்தத் தடையை யாராவது எடுத்துவிட்டால் நடக்க வேண்டியது தானாக நடக்கும். இப்படி யோசித்தால் நீங்களும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

"ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும், எதுக்கும் ஒரு தடவ காட்டிடுங்க மாப்பிள்ளை" என்று நானே போன் செய்து கூப்பிட்டேன். அவர் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். எல்லாம் பச்சை. "ஒரு நிமிஷம், நட்ட மட்டும் இறுக்கிடறேன்" என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். முன்சக்கரத்தைத் திருப்புகிற தண்டை டை ராட் என்போம். அதன் நட்டைத் தளர்த்தி, தண்டைக் கொஞ்சம் சுற்றி, மறுபடி இறுக்கினேன். இரண்டு சக்கரமும் வாத்துக் கால் மாதிரி வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்தேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாகிவிடும், ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். இரண்டையும் ஒரே அளவு கெடுத்தால் ஸ்டியரிங் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். வண்டியும் ஒரு பக்கம் இழுக்காது. டயரின் வெளிப்பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். தேய்வதெல்லாம் உள்ளே. அதுவும் தாழ்த்திய வண்டியில் குனிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, தரையில் படுத்தால்தான் தெரியும். ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிற மாப்பிள்ளை தரையில் படுக்கிற ஆளில்லை.

பிறகு நான் காத்திருந்தேன். மழை நன்றாகப் பெய்தது. வானம் கொஞ்சம் வெளுத்தால் எனக்கு மனசு சரியாக இருக்காது. "துணி காயலன்னு நான் அழறேன், மழை நிக்கக் கூடாதுன்னு ஒத்தக் காலுல நிக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் மனைவி. மாலையில் வேலை முடிந்ததும் தங்கச்சி வீட்டுப் பக்கமாகவே வீட்டுக்குப் போவேன். வாசலில் நிற்கிற காருக்குப் பக்கத்தில் சாவியைக் கீழே போட்டுவிட்டு, எடுக்கிற சாக்கில் சக்கரத்தின் பின்னால் கையை விட்டுப் பார்ப்பேன். ரப்பர் ரம்பப் பல் மாதிரி கிளம்பியிருந்தது. கையை ஒரு பக்கமாக ஓட்டினால் வழுக்கும், திருப்பி ஓட்டினால் கீறும். அளவு தப்பின சக்கரம் அப்படித்தான் தேயும். எனக்கு உள்ளங்கையெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

"ஏண்ணா, உனக்கு மட்டும் சாவி இப்படி விழுது?" என்று ஒருநாள் தங்கச்சி கேட்டாள்.

"வயசாகுதில்ல" என்றேன்.

மாப்பிள்ளை ஒருமுறை, "டயர் ஏதோ பாட்டுப் பாடுது மச்சான்" என்றார். ரோடு சரியில்லை என்றேன். அவர் நம்பினார். என் தொழிலைக் கேலி செய்வாரே தவிர, என் வார்த்தையைத் தட்டமாட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தின் கடைசியில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். ஆனால் நான் அன்று சொன்ன வார்த்தை 'மொட்டை'. 'கம்பி தெரியும்' என்றும் சொல்லியிருக்கிறேன். முக்கால் தேய்ந்த டயரைக் காட்டினால் மாப்பிள்ளை, "இது மொட்டை இல்ல மச்சான், கிராப்பு" என்பார். எனக்கு அவரைத் தெரியும். சொன்னால் சொன்னபடி இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை சாவி விழுந்தபோது கம்பி என் விரலில் குத்தியது. விரலைச் சப்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் என் வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு. சாப்பாடு முடிந்ததும் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அம்மா, மனைவி, தங்கச்சி எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, மாப்பிள்ளை தன் கையாலேயே தடவிப் பார்க்கட்டும் என்று நினைத்திருந்தேன். "கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். அதன் பிறகு நானே புது டயர் போட்டு, அளவையும் சரிசெய்து கொடுத்திருப்பேன். யாருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது. என் திட்டத்தில் விபத்து என்று ஒன்று இல்லவே இல்லை சார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை தங்கச்சி போன் செய்தாள். வெளியூரில் கேக் அலங்காரப் போட்டி, பேக்கரியில் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குரலே துள்ளியது.

"நாளைக்குக் காலைல கிளம்பறோம் அண்ணா. அவர்தான் ஓட்டறார். வண்டி தாங்குமில்ல? நீ அடிக்கடி டயர் பக்கத்துல உக்கார்றியே, ஏதாவது இருக்கா?"

அவள் கவனித்திருக்கிறாள் பாருங்கள்.

நான் கொஞ்சம் யோசித்தேன். இப்போது சொன்னால் என்ன நடக்கும். வழியில் ஏதாவது ஒரு கடையில் நிறுத்தி டயர் மாற்றுவார்கள். அந்தக் கடைக்காரன் அளந்து பார்த்து, இது தாழ்த்தியதால் வந்த தேய்மானம் இல்லை, அளவு கெட்டதால் வந்தது என்பான். அலைன்மென்ட் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்பான். இவ்வளவு நாள் காத்திருந்து, எவனோ ஒருவன் வந்து என் வார்த்தையைக் கெடுப்பதா. இன்னும் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள்.

"ஸ்டியரிங் நேரா நிக்குதா?" என்று கேட்டேன்.

"நிக்குதாம்."

"அப்புறம் என்ன. மெதுவா போயிட்டு வாங்க."

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மெதுவாகப் போகச் சொன்னேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நல்ல வெயில், காய்ந்த ரோடு. முன் இடது டயர் உள்பக்கமாகப் பிளந்துகொண்டது. வண்டி தடுப்பை உரசிக்கொண்டு போய்ச் சரிவில் இறங்கி, அடுக்கி வைத்திருந்த சிமென்ட் குழாய்களில் முட்டி நின்றது. மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டு போய்விட்டன, கண்ணாடி எங்கே போனது என்றே தெரியவில்லை. தங்கச்சி மடியில் வைத்திருந்த கேக்கைக் காப்பாற்றக் கையை முன்னால் நீட்டியிருக்கிறாள். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை சார். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அழுதேன். அழுதுகொண்டே ஒன்றுக்காகக் காத்திருந்தேன். நீ சொன்னது நடந்துவிட்டது என்று இப்போது சொல்வார்கள், இப்போது சொல்வார்கள் என்று. மாப்பிள்ளை வீங்கின உதட்டோடு என்னைப் பார்த்து, பல் போன இடத்தில் காற்று போக, "பெழிய குழி மச்சான்" என்றார்.

"குழியா?"

"ஆமா. தொபுக்குன்னு எழங்குச்சு. அப்புழம்தான் வெழிச்சது."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் வராந்தாவுக்கு வந்து அம்மாவிடம், "குழியும் இல்ல ஒண்ணும் இல்ல, வண்டிய எறக்கினதால வந்த வினை இது, நான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன். அம்மா அதை மாப்பிள்ளையின் அண்ணனிடம் சொன்னாள். அவர் முன்கோபி. நேரே ஸ்பிரிங்காரர் பட்டறைக்குப் போய், நாலு பேர் முன்னால் அவரைக் கண்டபடி திட்டிவிட்டு வந்தார். வேலைக்கு விட்டிருந்த வண்டிகளை அவரவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். பட்டறை ஷட்டரை அவர் இன்னும் திறக்கவில்லை என்று கேள்வி.

அந்த ஸ்பிரிங்காரர் மறுநாள் இங்கே வந்தார். வண்டியை இழுத்துக்கொண்டுவந்து எங்கள் கடைப் பின்புறம்தான் போட்டிருந்தார்கள். வெடித்த டயர் கந்தலாகிவிட்டது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் வலது சக்கரத்துப் பக்கம் மண்ணில் படுத்து, உள்ளே கையை விட்டு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஓட்டினார். இரண்டு பக்க டை ராட் நட்டையும் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"இது ஸ்பிரிங் தின்ன டயர் இல்லீங்க. யாரோ அளவ மாத்தியிருக்காங்க."

"குழில விழுந்த அடியில மாறியிருக்கும்" என்றேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா?"

"பெரிய குழி" என்றேன்.

அவர் விரலில் ஒட்டியிருந்த ரப்பர் தூளைத் துடைத்தார். பிறகு போய்விட்டார். நல்ல மனிதர். வேலையும் சுத்தம். அவர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

ஆனால் பாருங்கள், அந்த ஒரு வார்த்தை கடையில் நின்றவர்கள் காதில் விழுந்து வீடு வரை போனதும் குழி நிலைத்துவிட்டது. தொழில் தெரிந்தவனே சொல்லிவிட்டான், குழிதான் என்று வீடு முழுக்க முடிவாகிவிட்டது. அம்மா குழியைச் சபித்தாள். அப்புறம் நீங்கள் வந்து பார்த்து, நீங்களும் குழி என்றீர்கள். மழைக்காலமும் முடிந்துபோனது. தங்கச்சியை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று எல்லாரும் கூடியிருந்தோம். அவள் முகம் வாடிக் கிடந்தது. இனிமேல் அந்தக் கை பழைய மாதிரி எழுதுமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை, "மச்சான், மழ முழிஞ்சாச்சு. டயழ் தேயல, வெழிச்சது. மீசைய எழுங்க" என்றார்.

"விடுங்க, அவரப் போய்" என்றாள் என் மனைவி.

தங்கச்சி இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துடேன் அண்ணா, பாக்கலாம்" என்றாள். அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நான் எடுத்தேன் சார். அவர்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, அந்த செட்டை என் வீட்டிலிருந்து எடுத்துவந்து, அதில் இருந்த கத்தியாலேயே எடுத்தேன். வெளியே வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது, "சாவி கீழ விழறது இப்ப நின்னுடுச்சு போல" என்றாள். தங்கச்சி எப்போதோ அவளிடம் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். இரண்டு நாளாக என் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

நான் ஜெயித்த பந்தயத்துக்கு நான் மீசை எடுத்திருக்கிறேன். இது எந்த ஊர் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

டீ ஆறிவிட்டது, குடியுங்கள். குடித்துவிட்டு என்னோடு பின்பக்கம் வாருங்கள். வலது முன்சக்கரம் இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் அன்று வந்தபோது கையை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை, வெடித்ததை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனீர்கள். இன்று விட்டுப் பாருங்கள். மெதுவாக, கம்பி குத்தும். கம்பி தெரியும் என்றேன், தெரிகிறதா இல்லையா. ஒரு குழியால் அப்படி வழித்தெடுக்க முடியுமா. இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் தண்டைத் திருப்பி வைக்க இந்த ஊரில் எத்தனை கையால் முடியும் என்று அந்த ஸ்பிரிங்காரரையே கேளுங்கள்.

என்ன சார், எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். டை ராடைத் திருப்பியது நான். தெரிந்தே திருப்பினேன். கம்பி வரும்வரை தெரிந்தே காத்திருந்தேன். தங்கச்சி கேட்டபோது தெரிந்தே அனுப்பினேன். எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன், ஸ்பிரிங்காரர் பட்டறைக்கும் வந்து சொல்கிறேன். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை.

தங்கச்சியிடம் மட்டும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தக் கையைப் பார்த்துப் பேச முடியாது. இதைச் செய்தது அண்ணன் என்பதை மெதுவாக, அவள் கொஞ்சம் தேறிய பிறகு சொன்னால் போதும். அண்ணன் சொன்னபடிதான் நடந்தது என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.